நின்றதற்கான காரணம்

ஜனவரி 6, திங்கள்

இந்த நோட்டில் எழுத நினைப்பவை:

1. கம்பெனி வாங்கியிருக்கும் மென்பொருள். எந்த இயந்திரம் எப்போது ஓடுகிறது, எப்போது நிற்கிறது என்று அது தானாகவே குறித்துக்கொள்ளும். அதை ஆறு மாதத்தில் நிலைப்படுத்தித் தருவது என் பொறுப்பு.

2. இயந்திரம் ஏன் நின்றது என்பதற்கான காரணப் பட்டியல். அதை நான்தான் தயாரிக்க வேண்டும்.

3. இரண்டு ஷிப்டு சூப்பர்வைசர்களும் இதை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பது.

4. வீட்டு விஷயங்கள், அவசியமானவை மட்டும்.

5. என்னைப் பற்றி அதிகம் வேண்டாம். பயந்த சுபாவம் உள்ளவன். நல்லது செய்யவும் துணிச்சல் வேண்டும், கெடுதல் செய்யவும் துணிச்சல் வேண்டும். இரண்டுக்கும் என்னிடம் இல்லை. ஆகவே என்னால் யாருக்கும் பாதிப்பு வராது.

ஓய்வு பெற்று எட்டு ஆண்டுகள் கழித்து இன்று மறுபடியும் கணபதி பகுதியில் இருக்கும் அதே கம்பெனிக்குள் நுழைந்தேன். பம்புக்கான ஷாப்ட்டும் பாடியும் கடைகிற கம்பெனி. முதலாளி பெரியவர் இப்போது வருவதில்லை. மகன் கௌசிக்தான் எல்லாம். தொழிலாளர்கள் அவரைச் சின்னவர் என்கிறார்கள். அவரைக் குழந்தையாகப் பார்த்திருக்கிறேன். இப்போது நான் அவரை சார் என்கிறேன், அவர் என்னை அங்கிள் என்கிறார்.

“உங்களை மாதிரி ஒழுங்கா யோசிக்கறவங்க இப்ப யாரும் இல்லைங்க அங்கிள்” என்றார். நிஜமாகச் சொன்னாரா, மரியாதைக்குச் சொன்னாரா என்று வீடு வரும்வரை யோசித்தேன்.

ஜனவரி 9, வியாழன்

ஒவ்வொரு லேத்தின் மின்பெட்டிக்குள்ளும் சோப்பு டப்பா அளவில் ஒரு கருவி வைத்துவிட்டார்கள். மோட்டார் இழுக்கும் மின்சாரத்தை வைத்து இயந்திரம் ஓடுகிறதா என்று அது தெரிந்துகொள்ளும். சுவரில் பெரிய திரை. ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு. சற்று நேரம் சிவப்பாகவே இருந்தால் சூப்பர்வைசர் கையில் இருக்கும் டேப்லெட் ‘ஏன்?’ என்று கேட்கும். பட்டியலில் ஒரு காரணத்தைத் தொட்டால்தான் அடங்கும்.

இந்த வாரம் முதல் ஷிப்டு வெள்ளிங்கிரியுடையது. என் காலத்தில் ஆப்பரேட்டராக இருந்து சூப்பர்வைசர் ஆனவர். ஐம்பத்து நான்கு வயது, பெரிய குரல். லேத் சத்தத்தின் மேல் பேசிப் பேசி, டீக்கடையிலும் அதே குரலில்தான் பேசுவார். டேப்லெட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏனுங் எஞ்சினியரே, என்ர சம்சாரங்கூட இத்தனை தடவை ஏன் ஏன்னு கேட்டதில்லீங்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபின் என் பக்கத்தில் வந்து, அவரால் முடிந்த அளவு மெதுவாகக் கேட்டார்.

“இதுல நெசத்தப் போட்டா என்ர தலைக்கு ஒண்ணும் வராதுங்ளே?”

“எங்கே நேரம் வீணாகுதுன்னு கண்டுபிடிக்கத்தான் இது. யாரையும் பிடிக்கறதுக்கு இல்லை. நீங்க உண்மையைப் போட்டாத்தான் எதைச் சரி பண்ணணும்னே தெரியும்” என்றேன்.

“நீங்க சொன்னாச் செரி.”

இன்னும் சற்று விளக்கமாகச் சொல்லியிருக்கலாமோ என்று பிறகு தோன்றியது.

ஜனவரி 13, திங்கள்

போகி. கோமதி கிழிந்த பாய், உடைந்த முறம் எல்லாவற்றையும் எடுத்து வெளியே போட்டாள். என் பழைய தொழில்நுட்பப் புத்தகங்களின் மேலும் கை வைத்தாள். பேசாமல் இருந்தேன். அவளே திரும்ப வைத்துவிட்டாள்.

பட்டியல் முடிந்தது. இரண்டு பகுதி. முதல் பகுதி, திட்டமிட்ட நிறுத்தங்கள்: சாப்பாடு, டீ, ஷிப்டு மாற்றம், தடுப்புப் பராமரிப்பு. பழுது வருமுன்பே நிறுத்தி எண்ணெய் மாற்றி, பேரிங், பெல்ட் எல்லாம் பார்ப்பதுதான் கடைசியில் சொன்னது. இங்கே அதை பி.எம். என்பார்கள். இந்த நேரத்தை மென்பொருள் ஷிப்டின் கணக்கில் குறையாகப் பிடிக்காது. இரண்டாம் பகுதி, இழப்புகள்: பவுண்டரியிலிருந்து வார்ப்பு வரவில்லை, இன்சர்ட் என்கிற வெட்டுமுனை உடைந்தது, செட்டிங், ஆள் இல்லை, இன்னும் பல. ஓட வேண்டிய நேரத்தில் இயந்திரம் ஓடியது எத்தனை சதவீதம் என்ற ஷிப்டின் கணக்கை இவை குறைக்கும்.

மென்பொருள்காரர்கள் கொடுத்த பொதுப் பட்டியலைவிட இது எவ்வளவோ மேல். நானே சொல்லக் கூடாது.

வெள்ளிங்கிரி படித்துப் பார்த்தார். “ஒண்ணுக்குப் போறது எதுல வருதுங்?”

“‘ஆள் இல்லை’ங்கறதுல.”

“ஆள் இருக்கறதுனாலதானுங் ஒண்ணுக்கே போறான்?”

ஜனவரி 22, புதன்

மாடித் தொட்டி கழுவ ஆள் வரவில்லை. கீழ்க் கடைவாய்ப் பல் வலிக்கிறது.

பிப்ரவரி 3, திங்கள்

முதல் மாதக் கணக்கு. இரண்டு குழுக்களும் வாராவாரம் பகலும் இரவும் மாறி, அதே லேத்துகளைத்தான் ஓட்டுகின்றன. அருள்குமார் குழு எழுபத்தொன்பது சதவீதம். வெள்ளிங்கிரி குழு அறுபத்தொன்று.

இன்னொரு சூப்பர்வைசரான அருள்குமார் டிப்ளமோ படித்தவர். நாற்பது இருக்கும். எதற்கும் சிரித்த முகம். சின்னவர் அவருடைய தோளைத் தட்டினார். வெள்ளிங்கிரி திரையை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். “என்ர பேரை இத்தாப் பெருசா எழுதி இப்பத்தான் பாக்கறேன்” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அவர் குழுவின் பதிவுகளைப் பார்த்தேன். வார்ப்பு வரவில்லை. வார்ப்பு வரவில்லை. இன்சர்ட் உடைந்தது. ஆள் இல்லை. எல்லாம் இரண்டாம் பகுதி. முதல் பகுதியில் சாப்பாடும் டீயும் தவிர ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 12, புதன்

நேற்று தைப்பூசம். பராமரிப்புக்கு இருக்கும் ஒரே பிட்டர் மயில்சாமி. போன வாரமே பழனிக்குப் பாதயாத்திரை கிளம்பிவிட்டார். நாளைக்குத்தான் வருவார்.

அந்த வாரப் பதிவை வழக்கம்போல வரிசையாகப் படித்துக்கொண்டு வந்தேன். அருள்குமார் ஷிப்டில் தினமும் எல்லா லேத்துக்கும் பி.எம். செய்ததாக இருக்கிறது. அதைச் செய்ய வேண்டிய ஆள் பழனிக்கு நடந்துகொண்டிருந்தபோது யார் செய்தது?

மதியம் அருள்குமாரைத் தனியாகப் பார்த்துக் கேட்டேன். அவர் பதறவில்லை.

“எங்க பசங்களே துணி போட்டுத் தொடைச்சு விட்டுர்றாங்க சார். பி.எம். தானே அது?”

“வார்ப்பு வராம நின்ன நேரமும் அதுலயே சேர்ந்த மாதிரி இருக்குங்களே.”

“பட்டியல் நீங்க போட்டதுங்க சார். இருக்கறதத்தான் தொடறோம். தப்புன்னா சின்னவர்கிட்டச் சொல்லிருங்க. பட்டியல்ல ஓட்டை இருக்குன்னு ஆகும், அவ்வளவுதானே? மாத்திக்கலாம்.” சிரித்தபடியே போய்விட்டார்.

அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. பி.எம். என்று தொட்டால் பிட்டரும் அதை உறுதி செய்யவேண்டும் என்று நான் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. சின்னவரிடம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நேருக்கு நேர் நின்று ஒருவர் மேல் குற்றம் சொல்வது எனக்கு என்றுமே வந்ததில்லை. தக்க சமயம் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 20, வியாழன்

ஆய்வுக் கூட்டம். பெங்களூரிலிருந்து மென்பொருள் கம்பெனிப் பெண் மானஸா வந்திருந்தார். எல்லாத் துறைத் தலைவர்களும் இருந்ததால் அறையில் நாற்காலி போதவில்லை.

மானஸா, என் பட்டியல் நீளமாக இருக்கிறது, எடுத்துவிட்டு அவர்களுடைய பொதுப் பட்டியலையே போட்டுக்கொள்ளலாம் என்றார். சின்னவரும் தலையாட்டினார். நான் எழுந்தேன். ஒவ்வொரு காரணமும் ஏன் தேவை, பம்புத் தொழிலில் வார்ப்புத் தாமதத்தையும் வார்ப்புக் குறையையும் ஏன் பிரிக்க வேண்டும், பொதுப் பட்டியல் எங்கெங்கே இடறும் என்று விளக்கினேன். வெள்ளைப் பலகையில் வரைந்தும் காட்டினேன். அந்தப் பெண் இடையில் பேச வந்தபோது, “கொஞ்சம் இருங்கம்மா, நான் முடிச்சர்றேன்” என்றுகூடச் சொன்னேனாம். அக்கவுண்ட்ஸ் ஆள் பிறகு சொல்லிச் சிரித்தார். முடித்தபோது சின்னவர், “அங்கிள் பட்டியலே இருக்கட்டும்” என்றார்.

வரும் வழியில் கோமதிக்கு ஜாங்கிரி வாங்கினேன். “என்ன விசேஷம்?” என்றாள். சொன்னேன். “நீங்களா?” என்றாள்.

கூட்டத்தின் கடைசியில் இரண்டு ஷிப்டு சதவீதங்களையும் திரையில் போட்டார்கள். “எல்லாம் சரியாத்தான் பதிவாகுதுங்களா அங்கிள்?” என்று சின்னவர் கேட்டார். ஆகிறது என்றேன். பி.எம். விஷயத்தைச் சொல்ல நினைத்துத்தான் போயிருந்தேன். அத்தனை பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் வெள்ளிங்கிரி வீட்டுக்கு வந்தார். இத்தனை வருடத்தில் இதுதான் முதல் முறை. வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கோமதி கொடுத்த காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

“சின்னவர் கூப்ட்டுச் சொல்லிப்போட்டாருங். இந்த மாசமும் இதே மாதிரி இருந்தா ஷிப்டுல இருந்து எடுத்துருவாராமா. கேட்டுல உக்காந்து வண்டி நெம்பர் எழுதோணுமாமா.”

“அது அவ்வளவு கஷ்டமான வேலை இல்லையே” என்றேன். என்ன சொல்வது என்று தெரியாமல் சொன்னது.

“முப்பது வருசமா லேத்துச் சத்தத்துக்குள்ளயே இருந்துட்டனுங் எஞ்சினியரே. நாயித்துக்கெழமை ஊட்ல உக்காந்தாலே காதுக்குள்ள கொர்ருங்குது. நான் வளத்துன பசங்க உள்ள போறதையும் வாறதையும் எண்ணிட்டு வெளிய உக்காரச் சொல்றாரு.” காப்பியைக் கீழே வைத்தார். “அருளு என்ன பண்றான்னு எனக்குந் தெரியுமுங். எல்லாத்தையும் பி.எம்.முன்னு தொட்டர்றான். நானும் அப்புடியே தொட்டர்றனே? நீங்க உம்முன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நாளைக்கே எம்பது காட்டிப்புடுவேன்.”

நான் யோசித்தேன். “வேண்டாம் வெள்ளிங்கிரி. அது பொய்ப்பதிவு. ரெண்டு ஷிப்டும் அப்படிப் போட்டா மென்பொருளுக்கே அர்த்தம் இல்லாமப் போயிரும். நீங்க உண்மையையே போடுங்க. சின்னவர்கிட்ட நான் பேசறேன்.”

“பேசீருவீங்ளா?”

“பேசறேன்.”

அவர் முகம் தெளிந்துவிட்டது. அதன் பிறகுதான் காப்பியைக் குடித்தார். போகும்போது வாசல் கேட்டின் கொண்டி ஆடுகிறது என்று கல்லால் இரண்டு தட்டுத் தட்டி இறுக்கிவிட்டுப் போனார்.

மார்ச் 11, செவ்வாய்

சின்னவர் ஊரில் இல்லை.

மார்ச் 13, வியாழன்

இருந்தார். போனில் பேசிக்கொண்டே இருந்தார்.

மார்ச் 15, சனி

பல்லைப் பிடுங்கியாயிற்று. வாயில் பஞ்சு. இரண்டு நாள் அதிகம் பேசக் கூடாது என்றார் டாக்டர்.

மார்ச் 18, செவ்வாய்

இரவுக் கஞ்சி குடிக்கும்போது கோமதி கேட்டாள். “அவருகிட்டப் பேசறேன்னீங்களே, என்னாச்சு?”

“பல் ஆறட்டும்.”

“பல்லு ஆறும்” என்றாள்.

மார்ச் 21, வெள்ளி

நான்காம் நம்பர் லேத் இறுகி நின்றுவிட்டது. லேத்தைச் சுழற்றும் ஸ்பிண்டில் தண்டின் பேரிங் போய்விட்டது, அதோடு ஸ்பிண்டிலும். எண்ணெயே பார்க்காமல் ஓடியிருக்கிறது என்று சர்வீஸ்காரர் திறந்ததும் சொன்னார். புதிய ஸ்பிண்டில் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். ஏற்றுமதி ஆர்டர் ஒன்று அந்த லேத்தை நம்பித்தான் இருந்தது. சின்னவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. நின்றபோது ஓட்டிக்கொண்டிருந்தது வெள்ளிங்கிரி குழு.

மார்ச் 24, திங்கள்

விசாரணை. சின்னவர், அருள்குமார், வெள்ளிங்கிரி, மயில்சாமி, நான்.

சின்னவர் மேசைமேல் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தார். நான்காம் நம்பரின் மூன்று மாதப் பதிவு. அருள்குமார் ஷிப்டு முழுவதும் பி.எம்., பி.எம்., பி.எம். வெள்ளிங்கிரி ஷிப்டில் ஒரு இடத்தில்கூட இல்லை.

“ஒருத்தர் தினமும் பாத்திருக்காரு. நீங்க ஒரு நாள்கூட மெஷினைப் பாக்கலை. இதுக்கு என்ன சொல்றீங்க?”

வெள்ளிங்கிரிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்துவிட்டார். அது அவருக்கே கேடாகப் போயிற்று.

“என்னங்க சிரிக்கறீங்க?”

“அந்த லேத்துக்கு ரெண்டு ஷிப்டுலயும் ஒரு நாளும் பி.எம். பண்ணுனதில்லீங் சின்னவரே. பண்ணுல, அதனால நான் போடல. பண்ணாமயே அவுரு போட்டுருக்காரு.”

அருள்குமார் நிதானமாகச் சொன்னார். “வெள்ளிங்கிரியண்ணன் பெரியவரு. கோவத்துல சொல்றாரு. மயில்சாமியண்ணனைக் கேளுங்க சார்.”

மயில்சாமி தரையைப் பார்த்தார். செய்யவில்லை என்றால் மூன்று மாதமாக என்ன செய்தாய் என்ற கேள்வி வரும். “அப்பப்பப் பண்ணீட்டுத்தானுங் இருந்தேன். எந்த ஷிப்டுன்னு நெனப்பில்லீங்.”

“மயிலு!” என்றார் வெள்ளிங்கிரி. பிறகு என் பக்கம் திரும்பினார். “எஞ்சினியரைக் கேளுங். அவுருக்கு எல்லாந் தெரியும்.”

அவர் குரலில் பயமே இல்லை. நான் ஏற்கெனவே பேசிவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

“அங்கிள்?” என்றார் சின்னவர். “பட்டியல், பதிவு எல்லாம் உங்களது. அது என்ன சொல்லுதோ அதுதானே?”

சொல்ல ஆரம்பித்தால் பிப்ரவரியிலிருந்து சொல்ல வேண்டும். ஓட்டை எங்கே என்று காட்ட வேண்டும். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்றும் சொல்ல வேண்டும். அறையில் என்னையும் சேர்த்து ஐந்து பேர்.

“பதிவுப்படி அப்படித்தாங்க சார் இருக்கு” என்றேன்.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எழுதிவிட்டு இரண்டு முறை படித்துப் பார்த்தேன். இல்லை.

மார்ச் 25, செவ்வாய்

மழை. மாடித் தொட்டி இன்னும் கழுவவில்லை.

மார்ச் 29, சனி

கேட்டில் உட்கார வெள்ளிங்கிரி ஒப்பவில்லை. வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இன்று தன் சாமான்களை எடுக்க வந்தார். டிபன் கேரியர், அளவு பார்க்கும் ஒரு வெர்னியர், முருகன் படம். பையன்கள் சுற்றி நின்றார்கள். லேத்துகளைப் போட்டது போட்டபடி விட்டு வந்திருந்ததால் திரை முழுக்கச் சிவப்பு. டேப்லெட் கத்திக்கொண்டே இருந்தது.

“யாராச்சும் போயி ‘ஆள் இல்லை’ன்னு தொடுங்கடா, பாவம் அது தொண்டை கட்டீரும்” என்றார்.

நான் தூணுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். பார்த்துவிட்டு நேராக வந்தார்.

“வெள்ளிங்கிரி, அன்னைக்கு நான்…”

“உடுங் எஞ்சினியரே. நீங்க பொய் சொல்லியிருந்தா நாலு வார்த்தை வஞ்சுபோட்டு நிம்மதியாப் போயிருப்பேன். நீங்க பொய்யுஞ் சொல்லுல. உங்கள என்ன சொல்லி வையறதுன்னு ஊட்ல உக்காந்து ரோசிச்சுப் பாத்தேன். ஒண்ணும் அம்புடல.”

கையெடுத்துக் கும்பிட்டார். கேலியாகவா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. பழக்கத்தில் கும்பிட்டார்.

வீட்டில் கோமதியிடம், “நான் பயந்தவன்னு உனக்குத் தெரியாதா?” என்றேன். அவள் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். அடுத்த கொத்தைக் கையில் எடுத்தாள்.

ஏப்ரல் 2, புதன்

வெள்ளிங்கிரி இடத்துக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். எந்த நேரத்தில் எதைத் தொட வேண்டும் என்று அருள்குமார் கூடவே நின்று கற்றுக்கொடுக்கிறார். வந்த இரண்டாம் நாளே எண்பத்தொன்று. இரண்டு ஷிப்டும் சமமாகிவிட்டது என்று சின்னவருக்கு மகிழ்ச்சி. மயில்சாமி வழக்கம்போல எங்கேயோ இருக்கிறார். மற்ற லேத்துகளுக்கும் இன்னும் யாரும் எண்ணெய் பார்க்கவில்லை.

சின்னவர் என்னை மேலும் ஒரு வருடம் இருக்கச் சொன்னார். இரண்டாவது தொழிற்சாலையிலும் என் பட்டியலையே போடப்போகிறார்களாம். நாளைக்கு வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். பட்டியலைப் பற்றி அவர்களுக்கு நான் விளக்க வேண்டும்.

சாயங்காலம் கோமதி என் நீலச் சட்டைக்கு இஸ்திரி போட்டாள்.

“எத்தனை பேரு வர்றாங்க?”

“பன்னெண்டு பேர்.”

“பேசீருவீங்களா?”

“அதெல்லாம் பேசிருவேன்” என்றேன். என் பட்டியல்தானே, எதை முதலில் சொல்வது என்றுகூட மனதுக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். அவள் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். என்ன சொன்னேன் என்பது அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது.

முதல் பக்கத்தில் ஐந்தாவதாக எழுதியது தவறு. துணிச்சல் எனக்கு உண்டு. பிப்ரவரி இருபதாம் தேதி நாற்காலி போதாத அறையில் இருந்தது. நாளைக்குப் பன்னிரண்டு பேர் முன்னாலும் இருக்கும். மார்ச் இருபத்து நான்காம் தேதி ஐந்தே பேர் இருந்த அறையிலும் என்னிடம் இருந்திருக்கிறது. வெள்ளிங்கிரிக்காக அதை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.